டானாவின் தட்டு

பிளாஸ்டிக் கோழிக்காலை ப்ளீச் தண்ணீரில் முக்கி எடுத்தபோது ரோண்டாவுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. காட்டுக்கோழியைக் கையாலேயே தோலுரித்தவள், மீனைக் கிழித்துக் குடலை நாய்களுக்கு வீசியவள், மூஸ் மானின் மூக்கை முடி பொசுக்கி வேகவைத்துத் துண்டு போட்டவள் அவள். அதற்கெல்லாம் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. இந்தப் பாழாய்ப்போன பிளாஸ்டிக் சனியனிடம்தான் தோற்றாள். குழந்தைகள் காப்பகத்தின் விளையாட்டுச் சமையலறையில் அது எத்தனை வருடமாகக் கிடக்கிறதோ, ஊரில் பல் முளைத்த பிள்ளைகளெல்லாம் அதைக் கடித்துத்தான் வளர்ந்திருக்கின்றன. தொடைப் பகுதி முழுக்கப் பல் தடம். எலும்பு முனை சப்பிச் சப்பி வெளிறிப் போயிருந்தது. அதைக் கழுவித் துடைத்துத் தட்டில் வைத்தாள். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் முட்டை, ஒரு வாழைப்பழம், நடுவில் வெட்டி ஒட்டுகிற மாதிரி செய்த பாதி ரொட்டி. எல்லாம் செத்துப்போன தன் தங்கை டானாவுக்குப் படைப்பதற்கு.

"சத்தியமா சொல்றேன்டி," என்றாள் பெவ், கதவில் சாய்ந்து நின்று காப்பி குடித்தபடி. "என் புருஷன் செத்தா அவனுக்கு இந்த முட்டைதான். உயிரோட இருக்கும்போதே எதத் தின்னாலும் அவனுக்கு வித்தியாசம் தெரியாது."

பெவ் ரோண்டாவின் அத்தை மகள். அத்தை மகளும் மாமன் மகளும் ஒருத்தியை ஒருத்தி கேலி செய்யாமல் இருந்தால், இரண்டு பேருக்கும் என்ன மனஸ்தாபம் என்று ஊரே விசாரிக்கும். ஆகவே பெவ் காலையில் கண் விழித்ததிலிருந்து படுக்கப் போகும்வரை ஓயமாட்டாள். மற்ற நாளாக இருந்தால் ரோண்டாவும் அந்த முட்டையையே எடுத்து அவள் புருஷனைப் பற்றி இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுத்திருப்பாள். இன்றைக்கு அதைத் தட்டின் ஓரத்துக்கு நகர்த்தினாள்.

"டானா பார்த்தா என்ன சொல்லுவா?" என்றாள்.

"டானாவா? 'என்ன கருமம்டி இது, கெச்சப் சிப்ஸ் எங்க'ன்னு கேப்பா." சொல்லிவிட்டுப் பெவ் காப்பிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டாள். "நான் விசாரிச்சதாச் சொல்லு அவகிட்ட. போடி, முகத்தத் துடை. கேமராக்காரி வந்துட்டா."

தங்கள் ஓஜிப்வே பழங்குடி முறைப்படி குழந்தைகளை வளர்க்க ஆசிரியைகளுக்குப் பயிற்சி. அப்படித்தான் பெயர். கேட்கும்போது ரோண்டாவுக்கும் நன்றாகத்தான் இருந்தது. காப்பகத்துக்குப் பின்னால் கிடந்த டிரெய்லர் அறையில் ரோண்டாவும் பெவ்வும் உட்பட ஊர்ப் பெண்கள் எட்டுப் பேர் குளிர்காலத்திலிருந்து உட்கார்ந்து படித்தார்கள். சொல்லித்தர வந்தவள் கோரின். இதே ஊர்க்காரிதான், ரோண்டாவோடு ஒரே பேருந்தில் பள்ளிக்கூடம் போனவள், நகரத்துக்குப் போய்ப் பட்டங்கள் வாங்கிக்கொண்டு திரும்பியிருந்தாள். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையின் பட்டையைக்கூடத் தானே பாசிமணி கோத்துச் செய்திருந்தாள், அதில் ஒரு மணி பிசகியிருக்காது. ஊருக்குள் பார்த்தால் 'நீ', காப்பகத்தில் 'நீங்க' என்று ரோண்டாவாகவே ஒரு கோடு போட்டுக்கொண்டாள். கோரின் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆரம்பத்தில் எல்லாம் சரியாகத்தான் போனது. பிறகுதான் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தது. கட்டடத்துக்குள் நெருப்புப் பற்றவைத்தால் அபாய மணி அடித்துவிடும் என்பதால், செடார் இலையைச் சிப்பியில் கொளுத்தி அந்தப் புகையை முகத்தில் ஒற்றிக்கொள்ளும் சடங்கைப் பிள்ளைகளுக்குப் பழக்க, துணியில் ஒரு சிப்பி தைத்து அதன்மேல் பஞ்சை ஒட்டி வைத்தார்கள். பஞ்சுதான் புகை. பிள்ளைகள் வரிசையாக நின்று பஞ்சைத் தலைக்குமேல் வாரி வாரி விட்டுக்கொண்டன. ஏழு பாட்டன்மார் கொடுத்ததாக முன்னோர் கதை சொல்லும் ஏழு குணங்களைப் பளபளவென்று அட்டை போட்டுச் சுவரில் மாட்டினார்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்டிக்கர். மதியம் வீட்டுக்குப் போகும்போது எந்தப் பிள்ளை ரொம்பத் தாழ்மையாக இருந்ததோ அதன் நெற்றியில் 'தாழ்மை' ஸ்டிக்கர். அதை வாங்க முண்டியடித்துக்கொண்டு ஒரு பயல் இன்னொருத்தன் காதைக் கடித்து ரத்தம் வரவைத்தான். ரோண்டா பஞ்சால் ரத்தத்தை ஒற்றினாள். பெவ் அன்றைக்கு முழுக்கச் சிரித்தாள். ரோண்டாவுக்குச் சிரிப்பும் வந்தது, கூடவே நாக்கில் ஒரு கசப்பும் தங்கிவிட்டது. அது நாளாக நாளாக ஊறியது.

இப்போது இந்தப் படையல் தட்டு. இலை உதிர்ந்து ஏரி ஓரம் பனிக்கட்டி பிடிக்கிற சமயத்தில், போய்ச் சேர்ந்தவர்களுக்கு ஊர் கூடிச் சோறு போடும். யாருக்கு என்ன பிடிக்குமோ அதைத் தட்டில் எடுத்து நெருப்பில் இடுவார்கள். அதைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லித்தருவது என்று மற்ற ஊர்க் காப்பகங்களுக்குக் காட்ட ஒரு வீடியோ வேண்டுமாம். நிஜப் படையலைப் படம் எடுக்கக் கூடாது, அது ஊருக்கே தெரியும், கோரினுக்கும் தெரியும். அதனால்தான் பிளாஸ்டிக். "நிஜத்துக்கு மரியாதை கொடுக்கத்தான் இது," என்றாள் கோரின் வகுப்பில். "உண்மையான சாப்பாட்ட வெச்சுக் கேமரா முன்னால நடிச்சாத்தான் தப்பு. இது வெறும் மாதிரி." எட்டுப் பெண்களும் அதை யோசித்துப் பார்த்தார்கள். எங்கோ இடிக்கிறது. எங்கே என்று ஒருத்திக்கும் சொல்லத் தெரியவில்லை. சரி என்று தலையாட்டினார்கள்.

ரோண்டாவும்தான் தலையாட்டினாள். மார்லியின் பெயர் வரும் என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

மார்லி டானாவின் மகள், ஐந்து வயது. மார்ச் மாதம் ஏரிப் பனி இளகத் தொடங்கிய சமயத்தில் டானாவின் பனிவண்டி பனிக்கட்டி உடைந்து ஏரிக்குள் போய்விட்டது. அக்கரையில் பிறந்தநாள் விருந்து, திரும்பி வரும் வழியில் அரை மைல் சுற்றிப் போகச் சோம்பல். அவ்வளவுதான். இழுத்து வெளியே எடுத்தபோது அவளுடைய கையுறைகள் கையிலேயே இருந்தன. அன்றிலிருந்து மார்லி பெரியம்மாவிடம்தான் இருக்கிறாள். சாப்பிடுவாள், தூங்குவாள், கேட்டால் பதில் சொல்லுவாள். 'அம்மா' என்று மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அழவுமில்லை. சிரிக்கவுமில்லை. ரோண்டாவும் வலிய எதையும் கேட்கவில்லை. குழந்தையின் மனசுக்குள் கைவிட்டு இழுப்பது அவர்கள் வழக்கம் அல்ல. அது தானாக வரும், வரும்போது பக்கத்தில் ஆள் இருந்தால் போதும். இலையுதிர்கால விருந்தைத்தான் அவள் எதிர்பார்த்திருந்தாள். சனிக்கிழமை மார்லி தன் கையால் அம்மாவுக்கு ஒரு தட்டு போட்டு, நெருப்பில் வைத்து, அது எரிந்து போவதைப் பார்ப்பாள். அம்மா வரமாட்டாள், ஆனால் சாப்பிடுவாள் என்று அப்போது அவளுக்குப் புரியும். அதன் பிறகு அழுவாளோ கத்துவாளோ, எதுவானாலும் சரி. ரோண்டா அந்த ஒரு நாளைக் கோடை முழுக்க மனசில் பொத்தி வைத்திருந்தாள்.

அந்த வாரத் தொடக்கத்தில் கோரின் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னபோது, "மார்லி வேண்டாம்," என்றாள் ரோண்டா. "வேற பிள்ளைய எடுத்துக்குங்க."

"மத்த பிள்ளைங்க நடிக்கும் ரோண்டா. பாக்கறவங்களுக்குத் தெரிஞ்சிடும். மார்லி நிஜமாவே ஒருத்தர இழந்தவ. அவ தட்டத் தூக்கிட்டு நடந்தாத்தான் மனசுல உறைக்கும்."

ரோண்டா கோரினின் கழுத்துப் பட்டையையே பார்த்தாள். நீலம், மஞ்சள், நீலம், மஞ்சள். அதைப் பிடித்து இழுத்து இரண்டு அறை விட வேண்டும் போல இருந்தது.

"இது உன்னோட செய்முறைத் தேர்வாவும் ஆகிடும்," என்றாள் கோரின், குரலைத் தணித்து. "நீதான் வீடியோவுல டீச்சர். இதோட சான்றிதழ். திங்கக்கிழமைலேருந்து நிரந்தரமா உள்ள வந்துடலாம். உனக்கு அது எவ்வளவு முக்கியம்னு எனக்குத் தெரியாதா?"

தெரியும். ஊருக்கே தெரியும். குழந்தைகள் நலத்துறைப் பெண் வந்து ரோண்டாவின் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டு, யாராவது லீவு போட்டால் மட்டும் வேலை கிடைக்கிற ஒருவரிடம் பிள்ளையை நிரந்தரமாக விடுவது கஷ்டம் என்று தேனொழுகச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். நிரந்தர வேலை இல்லையென்றால் மார்லிக்குத் தெற்கே நகரத்தில் ஏதாவது ஒரு வளர்ப்பு வீடு பார்ப்பார்கள். நல்ல வீடாகத்தான் பார்ப்பார்கள். அப்படிப் போன பிள்ளைகள் மீசையோடு திரும்பி வந்து, மளிகைக்கடை வாசலில் நின்று தன் அம்மா யார் என்று விசாரித்ததை ரோண்டா பார்த்திருக்கிறாள்.

"சனிக்கிழமை நிஜமானது இருக்கில்ல," என்றாள் கோரின். "இத ஒத்திகைன்னு வெச்சுக்கோயேன். அன்னைக்குப் பயப்படாம செய்வா."

அது நியாயம் போலவும் இருந்தது. ரோண்டா சரி என்றாள். சொன்ன மறு நிமிடமே தன் வாயைத் தானே கழுவிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

கேமராக்காரி நல்ல பெண். மூக்கு சிவந்து, நகரத்து மெல்லிய கோட்டில் நடுங்கிக்கொண்டு, எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டபடி கருவிகளை நிறுத்தினாள். முதலில் விளையாட்டுச் சமையலறையில் ஒரு காட்சி. மார்லி அலமாரியின் முன்னால் நிற்க வேண்டும். ரோண்டா பக்கத்தில் மண்டியிட்டு, "நமக்கு முன்னால போனவங்களுக்கு நாம முதல்ல கொடுக்கறோம். உன் அம்மாவுக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்க வேண்டும். 'அம்மா' என்ற வார்த்தையை இத்தனை மாதம் வாயில் வைத்துக் காத்தவள், கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்ததும் கேட்டுவிட்டாள். குரல்கூட நன்றாக வந்தது.

மார்லி அலமாரியை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "மீன் கன்னம்," என்றாள்.

எல்லோரும் அலமாரியைப் பார்த்தார்கள். மீன் இல்லை. ஏரியைச் சுற்றி வாழ்கிற ஊரின் காப்பகத்தில், பீட்சா இருந்தது, அன்னாசிப்பழம் இருந்தது, மீன் இல்லை.

"கோழி இருக்கே செல்லம்," என்றாள் கோரின் கேமராவுக்குப் பின்னாலிருந்து.

"சிகரெட்," என்றாள் மார்லி.

பெவ்வுக்கு இருமல் வந்துவிட்டது, கதவுக்கு வெளியே ஓடினாள். படையலில் ஒரு சிகரெட் வைப்பது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். ஆனால் காப்பகத்தில் புகையிலை என்ற பேச்சே கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தது. கோரின் கேமராவை நிறுத்தச் சொன்னாள். மார்லி கோழிக்காலை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

"இது பொய்ச் சாப்பாடு," என்றாள்.

"பொய்ச் சாப்பாடு இல்ல கண்ணு. இது பழகற சாப்பாடு," என்றாள் கோரின்.

பழகற சாப்பாடு! ரோண்டா பல்லைக் கடித்துக்கொண்டாள். மார்லி ஒரு கணம் பெரியம்மாவைப் பார்த்தாள், அவள் ஏதாவது சொல்லுவாள் என்று. பெரியம்மா தட்டை நீட்டினாள். மார்லி கோழிக்காலை அதில் வைத்தாள்.

அடுத்தது வெளியே. பின்வாசல் படியில் தொடங்கி ஸ்ப்ரூஸ் மரத்தடி வரை மார்லி தட்டைக் கையில் ஏந்தி நடந்து போய், மரத்தின் வேரடியில் வைத்துவிட்டு, கொஞ்சம் நின்று, திரும்பி வர வேண்டும். முதல் தடவை ஓட்டமாக ஓடிவிட்டாள், முட்டை உருண்டு விழுந்தது. கேமராக்காரி குனிந்து, குழந்தையின் முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டு, "இன்னொரு தடவை, சரியா?" என்றாள். இரண்டாம் தடவை மெதுவாகத்தான் போனாள். தட்டை வைத்து நிமிர்வதற்குள் எங்கிருந்தோ காது கிழிந்த கறுப்பு நாய் ஒன்று பாய்ந்து வந்து கோழிக்காலைக் கவ்விக்கொண்டு ஓடியது. பத்தடி போய் நின்றது. கடித்துப் பார்த்தது. காறித் துப்புகிற மாதிரி கீழே போட்டுவிட்டு, மனிதர்களை ஒருமுறை முறைத்துவிட்டுப் போனது.

"நாய்க்குத் தெரியுது பாரு!" என்றாள் பெவ்.

மார்லி சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூக்கு ஒழுக, சத்தமாகச் சிரித்தாள். மார்ச்சுக்குப் பிறகு முதல் தடவை. ரோண்டாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அந்த ஒரு நிமிடம் பிளாஸ்டிக்கும் கோரினும் கேமராவும் எக்கேடும் கெட்டுப் போகட்டும், குழந்தை சிரித்துவிட்டாளே என்று நினைத்தாள். கோழிக்காலை எடுத்துத் துடைத்துத் தட்டில் வைத்தது அவளேதான்.

மார்லிக்கு விளையாட்டுப் பிடித்துவிட்டது. படியில் போய் நிற்பாள். 'ஆரம்பி' என்றதும் நடப்பாள். மூன்றாம் தடவை கேமராவையே பார்த்துக்கொண்டு நடந்தாள். அடுத்த தடவை இளித்துக்கொண்டே போனாள். பிறகு மேகம் வந்து வெளிச்சம் போனது. ஒவ்வொரு தடவையும் கேமராக்காரி முடியை ஒதுக்கிவிட்டாள், எல்லோரும் கைதட்டினார்கள். "சூப்பர் மார்லி, இன்னொரு தடவை." குழந்தை தானாகவே ஓடிப் படியில் ஏறி நின்று, கைகளை நீட்டித் தட்டை வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாள்.

"போதும்," என்றாள் ரோண்டா.

"ஒண்ணே ஒண்ணு," என்றாள் கோரின். போய்ப் படியருகே குந்தி உட்கார்ந்து, மார்லியின் இரண்டு தோள்களையும் பிடித்துக்கொண்டாள். மென்மையாகத்தான் சொன்னாள். "இந்தத் தடவ சிரிக்காம நடக்கணும், என்ன? அம்மாவ நினைச்சுக்கிட்டே நட. சரியா கண்ணு?"

மார்லி யோசித்தாள். பிறகு முகத்தைத் தாழ்த்தினாள். உதட்டை உள்ளே மடித்தாள். கண்ணிமைகள் பாதி இறங்கின. கோயிலுக்குள் நுழைகிற பெரிய மனுஷியைப் போல, ஒவ்வொரு அடியாக எடுத்துவைத்து, தட்டைக் கொண்டுபோய் மரத்தடியில் வைத்து, நின்று, திரும்பினாள். கேமராக்காரியின் கண்ணில் தண்ணீர். பெவ் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அவ்வளவுதான்! அதேதான்!" என்று கோரின் எழுந்து கைதட்டினாள். மார்லியின் முகம் அந்த நொடியே அவிழ்ந்து, பல்லெல்லாம் தெரிந்தது. நெற்றியில் 'அன்பு' ஸ்டிக்கர் ஒட்டினார்கள். ரோண்டாவைக் கட்டிப்பிடித்து, நீயும் ரொம்ப இயல்பாகச் செய்தாய் என்றாள் கோரின். அதைக் கேட்டு ஒரு கணம் ரோண்டாவுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அதை நினைத்தால்தான் அவளுக்கு இன்னும் தாங்கவில்லை. சீ, என்ன பிறவி நான் என்று நினைத்தாள். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய், மறுபடியும் ப்ளீச் தண்ணீரில் எல்லாவற்றையும் கழுவி, முட்டையை முட்டைப் பெட்டியில், ரொட்டியைக் கூடையில் வைத்தாள். மார்லி கூடவே நின்று வாழைப்பழத்தை எடுத்து வைத்தாள்.

சாயங்காலம் தன் வண்டியருகே ரோண்டா கோரினைப் பிடித்தாள். மார்லி உள்ளே ஹீட்டர் முன்னால் கைகளைக் காட்டியபடி உட்கார்ந்திருந்தாள்.

"அம்மாவ நினைச்சுக்கிட்டே நடன்னு சொன்னியே," என்றாள் ரோண்டா. 'நீங்க' எங்கோ உதிர்ந்து போயிருந்தது. "இன்னைக்கு நீ கேக்கச் சொன்னதக் கேக்கற வரைக்கும், ஏழு மாசமா அந்தப் பேச்ச நான் எடுக்கல. எடுக்க எனக்குத் தைரியம் வரல. நீ வெளிச்சம் போயிடும்னு எடுத்தே. உனக்கு வாய் கூசல?"

கோரின் சாவிக்கொத்தைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே நின்றாள். வகுப்பில் இருக்கிற முகம் இப்போது இல்லை, பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து உறங்கி வழிந்த பழைய முகம் தெரிந்தது.

"எங்கப்பா செத்தப்போ எங்க வீட்டுல யாரும் தட்டு வைக்கல," என்றாள். "வைக்கணும்னே தெரியாது. எங்கம்மாவ, நம்ம பிள்ளைங்களப் பிடிச்சுட்டுப் போய் அடைச்ச அந்த அரசாங்கப் பள்ளிக்கூடத்துல அடிச்சு அடிச்சு எல்லாத்தையும் மறக்க வெச்சிருந்தாங்க. இருபத்தெட்டு வயசுல, நகரத்து லைப்ரரில உக்காந்து புத்தகத்துல படிச்சேன் ரோண்டா, நம்ம ஆளுங்க செத்தவங்களுக்குச் சோறு போடுவாங்கன்னு. அங்கேயே அழுதேன். பக்கத்துல ஒருத்தன் எழுந்து வேற மேசைக்குப் போயிட்டான்." மூக்கை உறிஞ்சினாள். "உங்க வீட்டுல எல்லாம் இருந்துச்சு. உனக்கு இது அசிங்கமாத் தெரியும். எதுவுமே இல்லாத வீட்டுப் பிள்ளைங்களும் இருக்கு. பிளாஸ்டிக்கா இருந்தாலும் பரவால்ல, அஞ்சு வயசுல தெரிஞ்சுக்கட்டும்."

 ரோண்டாவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. சண்டை போட வந்தவளுக்கு எதிராளியே அழுதுவிட்டால் என்ன செய்வது? வண்டியில் ஏறிக் கதவை அடித்துச் சாத்தினாள். வழியெல்லாம் மார்லி நெற்றி ஸ்டிக்கரைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தாள். அன்று குளிப்பாட்டும்போது அதைப் பிய்க்க விடவில்லை.

சனிக்கிழமை ஊர் மண்டபத்தில் நிற்க இடமில்லை. காட்டரிசியும் மூஸ் இறைச்சியும் ஆவி பறந்துகொண்டிருந்தன. வறுத்த மீன், வாணலியில் சுட்ட பானக் ரொட்டி, ப்ளூபெரி போட்ட கேக், யாரோ வாங்கி வந்த வாளி வாளியான கடைக் கோழி. கேமராக்காரி நகரத்துக்குப் போய்விட்டிருந்தாள், இருந்திருந்தாலும் கேமராவுக்கு இங்கே வேலையில்லை. வெளியே, மண்டபப் படிகளுக்கு எதிரில் சற்றுத் தள்ளி, எல்ராய் என்கிற தாட்டியான மனிதர் காலையிலிருந்தே நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோரின் சமையலறைப் பெண்களோடு நின்று கரண்டியும் கையுமாகக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். கழுத்தில் பட்டை இல்லை. ரோண்டாவைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள், ரோண்டாவும் அசைத்தாள்.

மார்லிக்குத் தட்டை ரோண்டா கொடுத்தாள், வேறொன்றும் சொல்லவில்லை. குழந்தை மேசை மேசையாகப் போனாள். மீன் தட்டில் தேடித் தேடிக் கன்னச் சதையாகப் பார்த்து இரண்டு எடுத்துக்கொண்டாள். பெவ் பையிலிருந்து கெச்சப் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்து ஒரு பிடி அள்ளி வைத்தாள், வைக்கும்போது ஒரு கேலியும் சொல்லவில்லை. ரோண்டா தன் சட்டைப்பையிலிருந்து ஒரு சிகரெட்டை எடுத்து ஓரத்தில் வைத்தாள். மீன் எண்ணெய் அட்டைத் தட்டில் ஊறிப் படர்ந்தது. தட்டு சூடாக இருந்தது, மார்லி விரல்களை மாற்றி மாற்றிப் பிடித்தாள். இப்போது சரியாக இருக்கிறது என்று நினைத்தாள் ரோண்டா. அந்தக் கண்றாவியெல்லாம் கழுவிப் போகும், இப்போது எல்லாம் சரியாகிவிடும்.

படிவரைக்கும் கூடப் போனாள். அதற்குப் பிறகு மார்லியே போக வேண்டும். நெருப்பைச் சுற்றி நின்றவர்கள் வழி விட்டார்கள்.

மார்லி படியில் நின்றாள். முகத்தைத் தாழ்த்தினாள். உதட்டை உள்ளே மடித்தாள். இமைகள் பாதி இறங்கின.

 குழந்தை ஒவ்வொரு அடியாக, தட்டு ஆடாமல், வெகு அழகாக நடந்தாள். "பாவம், எப்படிப் போகுது பாரு," என்றார் யாரோ. ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றினார். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எல்ராய் குனிந்து அவளோடு சேர்ந்து தட்டைப் பிடித்துத் தணலின் நடுவில் இறக்கினார். சிப்ஸ்தான் முதலில் பற்றிக்கொண்டது. பிறகு அட்டை சுருண்டு கறுத்தது, மீன் எண்ணெய் சடசடவென்று வெடித்து நீல ஜ்வாலை எழும்பியது. சிகரெட் புகைந்து மணத்தது, டானாவின் கோட்டில் எப்போதும் இருந்த அதே வாசனை. ரோண்டாவின் கண்கள் நிறைந்துவிட்டன. மார்லி கொஞ்சம் நின்றாள், நிற்க வேண்டிய அளவுக்கு. திரும்பினாள்.

திரும்பி வரும் குழந்தையை அள்ளிக்கொள்ள ரோண்டா கைகளை விரித்துக் குந்தினாள். மார்லி அவளைத் தாண்டிப் போனாள். ஓடிப்போய் மண்டபப் படியில் ஏறினாள். எண்ணெய்க் கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டு, முடியைத் தானே காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டாள். யாரும் கைதட்டாததைக் கவனித்தவள் போல ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"பெரியம்மா," என்றாள், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "இன்னொரு தடவையா?"

 மண்டபக் கதவருகே கோரின் நின்றிருந்தாள், கையில் கரண்டி. அதிலிருந்து குழம்பு அவளுடைய காலணியின்மேல் சொட்டிக்கொண்டிருந்தது. ரோண்டா எழுந்தாள். வாய் திறந்தது. ஆமாம் என்றாலும் பொய், இல்லை என்றால் இதுதான் நிஜமானது, அம்மா இனி வரமாட்டாள் என்பதை இத்தனை பேர் நடுவில் எந்த வாயால் சொல்லுவாள்?

படியில் மார்லி கால்களைச் சேர்த்து நின்றாள். தட்டு அகலத்துக்கு இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, உள்ளங்கைகளை மேலே திருப்பி, 'ஆரம்பி' என்று சொல்லுவதற்காகக் காத்திருந்தாள்.